எல்லாமே சிவப்பு ஒயர்

— இதுல எது எர்த்து?

— எல்லாமே சிவப்பு ஒயர்தான்ணே.

— நான் கலர் கேக்கலை தம்பி. எது எர்த்துன்னு கேட்டேன்.

— அதைத்தான்ணே சொல்றேன். வண்டி சிவப்பு. மேட்ச்சா இருக்கட்டும்னு ஒயரையும் ஒரே கலர்ல ஒரு கட்டு வாங்கிட்டேன். போடும்போது எது எதுன்னு தெரிஞ்சுது. இப்ப கொஞ்சம் கலந்துபோச்சு.

— ரொம்ப நல்லாருக்கு. டாஷ்போர்டுக்குள்ள கையை விட்டா சிக்கு விழுந்த தலை மாதிரி இருக்கு. நான் சீப்பு எடுத்துட்டு வந்திருக்கணும். டெஸ்டரை எடுத்துட்டு வந்துட்டேன்.

— சீப்பு வேணும்னா என்கிட்ட இருக்கு ஒயர்காரரே.

— யாரு அது?

— பக்கத்து வீட்டு அக்காண்ணே. ஜன்னல்ல நிக்கிறாங்க. நீங்க கண்டுக்காம வேலையைப் பாருங்க.

— ஆமா, கண்டுக்க வேண்டாம். எனக்கு எதுக்கு வம்பு. என் வீட்டு ஜன்னல், நான் நிக்கிறேன். சந்து முழுக்க அடைச்சு வண்டியைக் குறுக்க போட்டுட்டா என் கண்ணு வேற எங்க போகும், சொல்லு பைலட்டு.

— பைலட்டா? தம்பி பிளேன் ஓட்டுறாப்லயா?

— பிளேன் ஓட்டுறவன்கூட இத்தனை மீட்டரை வச்சுக்கிட்டு முழிக்க மாட்டான். கண்ணாடி ஓரத்துல மூணு, நடுவுல ரெண்டு, ஸ்டியரிங் தலைமேல ஒண்ணு. கூரியர் ஆபீஸ்ல பார்சலுக்கு ஸ்டிக்கர் ஒட்டுறதுதான் உத்தியோகம். ஆனா இந்த வண்டில ஏறி உட்கார்ந்தா முகமே மாறிப்போகும். அதான் தெருவே பைலட்டுன்னு கூப்பிடுது. கட்டினவ உட்பட.

— அக்கா, டெக்னிக்கல் வேலை நடக்குதுக்கா. கொஞ்சம் உள்ள போங்களேன்.

— உள்ள போனா எனக்குப் பொழுது எப்படிப் போகும்?

— சரி விடு தம்பி. என்ன பண்ணுதுன்னு முதல்லேர்ந்து சொல்லு.

— இந்தப் பெரிசு இருக்கே, ஆயில் பிரஷர் மீட்டர். இதோட முள்ளு நிக்க மாட்டேங்குதுண்ணே. ஸ்டார்ட் பண்ணினா எழுந்திருக்குது. கொஞ்ச நேரத்துல அப்படியே சாய்ஞ்சு பூஜ்யத்துல படுத்துக்குது. ஹெட்லைட் போட்டா தலையை ஆட்டுது. இண்டிகேட்டர் போட்டா அதோட சேர்ந்து தாளம் போடுது.

— எப்பேர்ந்து?

— நேத்து வரைக்கும் சூப்பரா இருந்துச்சு.

— பொய்.

— அக்கா.

— நேத்து வரைக்குமா சூப்பரா இருந்துச்சு? மாட்டின மறுநாளே விரலை மடக்கி மீட்டரைத் தட்டித் தட்டிப் பார்த்தே. உள்ளேர்ந்து யாரோ வந்து கதவைத் திறக்கப்போற மாதிரி காதை வேற வச்சுக் கேட்டே. எனக்கு எதுக்கு வம்பு. ஆனா ரிப்பேர் பார்க்க வந்தவர்கிட்டயே பொய் சொன்னா எந்தக் காலத்துல ரிப்பேர் ஆகும்?

— மாட்டினது யாரு?

— நானேதாண்ணே. வீடியோ பார்த்து.

— வீடியோல இருந்தவனும் சிவப்பு ஒயராவா போட்டான்?

— அவன் வண்டி வேற கலர்ணே.

— ரொம்ப நல்லாருக்கு. அந்தக் கை லைட்டைப் பிடி. இல்ல, போன்ல டார்ச் போடு, உள்ள இருட்டா இருக்கு.

— போனை எடுக்க முடியாதுண்ணே. அதுலதான் எஞ்சின் ரீடிங் ஓடுது. ஸ்டியரிங் அடியில ஒரு குட்டி பிளக்கு சொருகியிருக்கேன் பாருங்க. அது போனுக்கு அனுப்பும். போன்ல கிராஃபா வரும்.

— கிராஃப்ல என்ன வருது?

— கோடு வருதுண்ணே.

— என்ன கோடு?

— அதை இனிமேதான் படிக்கணும். நடுவுல போன் கால் வந்தா கோடு அறுந்துபோகுது. மத்தியானத்துல யாரோ விடாம அடிச்சுக்கிட்டே இருந்தாங்க. நாலஞ்சு தடவை தள்ளிவிட்டுட்டு, கடைசில ஃபிளைட் மோடுல போட்டுட்டேன்.

— போடுவே. யாரு அடிச்சாங்கன்னு ஒரு தடவை கண்ணால பார்த்தியா?

— லோன் வேணுமான்னு கேக்குறவங்களா இருக்கும்க்கா. பேர் தெரியிறதுக்குள்ள தள்ளிவிட்டுட்டேன்.

— சரிதான்.

— ஏன்க்கா இன்னிக்குக் குசுகுசுன்னு பேசுறீங்க? என்னிக்கும் முனைக்கடை வரைக்கும் கேக்குமே.

— தொண்டை கட்டியிருக்கு. நீயும் கொஞ்சம் மெதுவாப் பேசு. காது கேக்காதவங்க யாரும் இங்க இல்லை.

— தம்பி, வண்டியை இப்படிக் குறுக்க போட்டு உன் வீட்டு கேட்டையே அடைச்சு வச்சிருக்கியே, ஏன்?

— இங்கதான்ணே தரை சமமா இருக்கு. சமமா இல்லைன்னா ஆயில் ரீடிங் தப்பா வரும்னு வீடியோல சொன்னான்.

— ரீடிங்கே வரலை, அதுல தப்பா வரும்னு கவலை. முனையிலேர்ந்து பெட்டியைத் தூக்கிட்டு வந்தேன் நான், தோள் இறங்கிப்போச்சு. ஒரு டாக்ஸிக்காரன் வேற ரிவர்ஸ் எடுத்துக்கிட்டே உன் பரம்பரையையே திட்டிட்டுப் போனான்.

— ஓ, அவனா. நான் வண்டிக்கு அடியில மல்லாந்து ஒயரைத் தேடிட்டிருந்தேன். ஹாரனை வச்சு அழுத்திக்கிட்டே இருந்தான். படுத்த வாக்குல ‘சுத்திக்கிட்டுப் போடா’ன்னு ஒரு சத்தம் கொடுத்தேன். அடங்கிட்டான்.

— கேட்டுது, கேட்டுது. டாக்ஸியைத் திருப்பிவிட்ட வீரம் சந்து முழுக்கக் கேட்டுது.

— இந்தச் சந்துல மனுஷன் நிம்மதியா ஒரு வேலை பார்க்க முடியலைண்ணே. காலையிலேர்ந்து ஆளாளுக்குத் தாண்டித் தாண்டிப் போறாங்க. ஒயரை மிதிக்காதீங்க, ஒயரை மிதிக்காதீங்கன்னு சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்குது.

— கிடைச்சுது.

— எதுண்ணே?

— உன் எர்த்து. இதோ, மீட்டரோட எர்த்து ஒயரை எங்க முறுக்கியிருக்கேன்னு பாரு.

— ஸ்க்ரூலதான்ணே.

— ஸ்க்ரூ எதுல இருக்கு?

— டாஷ்போர்டுல.

— டாஷ்போர்டு எதுல பண்ணினது?

— பிளாஸ்டிக்ல... ஓ.

— ஓவா. பிளாஸ்டிக்ல எர்த்து குடுத்திருக்கே தம்பி. அதுக்குப் பதிலா உன் சட்டைப் பட்டன்ல கட்டியிருக்கலாம். எர்த்து கிடைக்காத மீட்டரு பக்கத்துல இருக்கிற ஹெட்லைட் ஒயரோட தயவுல ஓடியிருக்கு. அதான் நீ லைட் போட்டா தலையாட்டுது. நீ இத்தனை நாளா பார்த்தது ஆயிலை இல்ல. ஹெட்லைட்டை.

— நாலு பேரைக் கூட்டிட்டு வந்து ‘பாருங்க என் ஆயிலு எப்படி நிக்குதுன்னு’ காட்டினானே ஒயர்காரரே. அவனோட ஆபீஸ் ஆளுங்க, ஒருத்தன்கூடச் சிரிக்கலை. எல்லாரும் கையைக் கட்டிக்கிட்டுத் தலையாட்டினாங்க. மீட்டரும் ஆட்டுச்சு.

— அக்கா, உங்களுக்குக் காலையிலேர்ந்து வேற வேலையே இல்லையா?

— இருக்கே. கை நிறைய வேலை இருக்கு. வாய் சும்மாதானே இருக்கு.

— கம்பெனிக்காரன் ஒரு ஆயில் லைட் வச்சிருப்பானே தம்பி. சிவப்பா, சின்னதா. அது எரியுதா, அணையுதா?

— எஞ்சின்ல இருந்த அதோட சுவிட்சைக் கழட்டிட்டேன்ணே. அந்த ஓட்டையிலதான் இந்த மீட்டரோட சென்சாரை மாட்டியிருக்கு.

— அப்ப வண்டில ஆயிலு இல்லாமப் போனா உனக்கு யாரு சொல்லுவா?

— மீட்டர் சொல்லும்.

— மீட்டரைத்தான் நீ ஹெட்லைட்டுக்குக் கட்டிக்குடுத்திருக்கே.

— நான் சொல்லுவேன் ஒயர்காரரே. முன்னாடியும் நான்தான் சொன்னேன். மாட்டின புதுசுல இந்த வண்டி என் வாசல்லதான் ஒழுகுச்சு. கருப்புப் பொட்டா. தேய்ச்சுத் தேய்ச்சு என் கை போச்சு.

— அதெல்லாம் சரிபண்ணியாச்சுக்கா. பழங்கதை எதுக்கு. அண்ணே, குச்சியை எடுத்துப் பார்த்தேன், ஆயிலு அளவு சரியா இருக்கு. எஞ்சின் சத்தமும் நல்லாத்தான் இருக்கு. முள்ளுதான் பிரச்சனை. முள்ளை மட்டும் நிக்க வச்சுக் குடுங்க. சாயங்காலத்துக்குள்ள.

— அப்படி என்ன அவசரம்?

— பொண்டாட்டியையும் குழந்தையையும் ஆஸ்பத்திரிலேர்ந்து கூட்டிட்டு வரணும். பொண்ணு பிறந்திருக்குண்ணே. இன்னிக்குச் சாயங்காலம் விடுறாங்க.

— அட. இதை முதல்லயே சொல்ல மாட்டியா? ரொம்ப சந்தோஷம். டாக்ஸில போய்க் கூட்டிட்டு வா.

— முடியாதுண்ணே. இந்த வண்டிலதான்.

— ஏன்?

— அவன் சொல்ல மாட்டான், நான் சொல்றேன். மாசமா இருந்தவளைச் செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போறேன்னு இதே வண்டில ஏத்திட்டுப் போனான். பாலத்து நடுவுல நின்னுபோச்சு. அன்னிக்கும் ஏதோ ஒரு முள்ளு. இவன் இறங்கி மீட்டரைத் தட்டிக்கிட்டு நிக்கிறான். அவ வயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் பாலத்து ஓரமா நடந்தே வந்தா. வந்து இதே இடத்துல நின்னு சொன்னா, ‘இனிமே நான் இதுல ஏறணும்னா எல்லா முள்ளும் ஒழுங்கா நிக்கணும். நானும் என் பிள்ளையும் வீட்டுக்கு வர்ற அன்னிக்கு நிக்கலைன்னா மறுநாள் வண்டியை வித்துடணும்.’ நான்தான் சாட்சி.

— நீங்களா போய்ச் சாட்சியா நின்னுக்கிட்டீங்க.

— சரின்னு தலையாட்டினது நீதானே? உன் முள்ளு மாதிரியே.

— அதனாலதான்ணே. இன்னிக்கு நான் வண்டியோட போய் நிக்கலைன்னா வண்டியை வித்துத்தான் ஆகணும். இந்த வண்டி போச்சுன்னா நான் யாருண்ணே? ஸ்டிக்கர் ஒட்டுறவன்.

— இப்பவும் அதானே.

— எர்த்தை இரும்புல குடுத்துட்டேன் தம்பி. பெயின்டைச் சுரண்டி, நல்லா முறுக்கியிருக்கேன். ஸ்டார்ட் பண்ணு.

— இரு, இரு. ஜன்னலைச் சாத்திக்கிறேன். ரொம்ப முறுக்காதே பைலட்டு. மெதுவா.

— என்னிக்கும் இல்லாம என்னக்கா? சரி. இதோ... எழுந்துடுச்சுண்ணே. ஹெட்லைட் போடுறேன். ஆடலை. இண்டிகேட்டர். ஆடலைண்ணே, ஆடவே இல்லை.

— எனக்குத் தெரியும்.

— ஐயோ.

— என்ன?

— சாயுதுண்ணே. மெதுவா சாயுது. படுத்துடுச்சு.

— எஞ்சினை அணை.

— அணைச்சுட்டேன். என்னண்ணே இது? தாளம் போச்சு, ஆனா படுத்துக்கிறது போகலையே.

— என்ன ஒயர்காரரே, கெத்தா ‘எனக்குத் தெரியும்’னீங்க. ஜன்னலைத் திறந்து பார்த்தா முள்ளு உங்களுக்குக் கும்பிடு போட்டுக் கவிழ்ந்து கிடக்கு.

— நீ உன் வேலையைப் பாரும்மா. தம்பி, சென்சார் எங்க இருக்கு? எஞ்சின் பின்னாடியா? அதுல இருக்கிற ஒயரைக் கழட்டு. கழட்டிட்டு எஞ்சின் உடம்புல தொட வை. சாவி மட்டும் போடு, ஸ்டார்ட் பண்ணாதே.

— வச்சிருக்கேன்.

— முள்ளு?

— ஃபுல்லாப் போயிடுச்சுண்ணே. அந்தக் கடைசிக்கு.

— அப்ப மீட்டர் நல்லாருக்கு. ஒயரும் நல்லாருக்கு. சென்சார் போச்சு. அவ்வளவுதான். மட்டமான சென்சார். எங்க வாங்கினே?

— பார்சல்ல வந்துச்சு.

— உனக்கே பார்சல், உன் ஆபீஸ்லயே ஸ்டிக்கர். ரொம்ப நல்லாருக்கு. புதுசு வாங்கிட்டு வா, மாட்டித் தர்றேன்.

— இப்பவா? அது வர ஒரு வாரம் ஆகும்ணே. இங்க எந்தக் கடையிலயும் கிடைக்காது. அண்ணே, ஏதாவது பண்ணி முள்ளை மட்டும் நிக்க வைங்களேன். சும்மா, இன்னிக்கு மட்டும். உள்ள ஒரு ரெசிஸ்டரை வச்சு நடுவுல நிறுத்திட முடியாதா?

— முடியும். பொய் சொல்ற மீட்டரைப் பார்த்துக்கிட்டுக் குழந்தையை ஏத்திக்கிட்டு வருவியா?

— நாலு தெருதானேண்ணே.

— கேக்குறான் பாருங்க ஒயர்காரரே. வெட்கமே இல்லாமக் கேக்குறான். ஏன் பைலட்டு, முள்ளை நிக்க வைக்கிறது இருக்கட்டும். பிள்ளையை எங்க வைப்பே? பின் சீட்டைத்தான் பிடுங்கி உன் வீட்டு ஹால்ல போட்டிருக்கியே.

— வெயிட் குறைச்சேன்க்கா. பிக்கப் நல்லா இருக்கும்.

— பிள்ளை பெத்தவளுக்கு எதுக்குப் பிக்கப்பு? மீட்டர் மேலயா உட்காருவா?

— முன்னாடி உட்கார்ந்துப்பா. மடில வச்சுக்கலாம்.

— அவகிட்ட கேட்டியா?

— எதை?

— எதையாவது. ராத்திரி தூங்கினாளா, பிள்ளை பால் குடிச்சுதா, துணைக்கு இருந்த அக்காக்காரி காலையில வேலைக்குப் போயிட்டாளே, இப்ப யாரு கூட இருக்கா? ஏதாவது ஒண்ணு.

— சாயங்காலம் நேர்லயே பார்க்கப் போறேனேக்கா. இப்ப முள்ளுதான் முக்கியம்.

— அதானே. எனக்கு எதுக்கு வம்பு.

— ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போட்டுடு தம்பி. வர லேட்டாகும்னு.

— போனை எடுத்தா கிராஃப் போயிடும்ணே. போகும்போது போட்டுக்கிறேன்.

— ஒயர்காரரே, உங்களை ஒண்ணு கேக்கலாமா? முனைக்கடைக்காரரோட வேனுக்கு ஹாரன் ரிப்பேர் பார்த்தது நீங்கதானே?

— ஆமா. ஏன்?

— இல்ல, இப்ப அவர் பிரேக்கை மிதிச்சா ஹாரன் அடிக்குது. தெரு நாய்கூட அந்த வேன் நிக்கப்போகுதுன்னு தெரிஞ்சு ஒதுங்கிடுது. சும்மா கேட்டேன். ஒரு சாமான் போச்சுன்னு நீங்க சொன்னா அது உண்மையிலயே போச்சா, இல்ல உங்க பொறுமை போச்சான்னு தெரிஞ்சுக்கத்தான்.

— யம்மா, நான் டெஸ்ட் பண்ணித்தான் சொன்னேன். மீட்டர் ஓகே, ஒயர் ஓகே. மிச்சம் இருக்கிறது சென்சார். வேற என்ன இருக்கு?

— என் வீட்டுக் குழாய் டேப்பு இருக்கே.

— என்னது?

— குழாய்க்குச் சுத்துவாங்களே, வெள்ளையா, மெல்லிசா. எங்க சமையலறைக் குழாய் ஒழுகுதுன்னு எங்க வீட்டுக்காரர் வாங்கி வச்சிருந்தாரு. இவன் வண்டி என் வாசல்ல சொட்டினப்ப நான் போட்ட சத்தத்துல ஓடி வந்து ‘அக்கா, அந்த டேப்பைக் குடுங்க, ஒரு நிமிஷத்துல அடைச்சுடுறேன்’னான். குடுத்தேன். முழு ரோலையும் காலி பண்ணிட்டு வெறும் வளையத்தைத் திருப்பிக் குடுத்தான். அன்னிக்கு ராத்திரி எங்க வீட்டுக் குழாய்க்குத் துணியைக் கட்டினோம்.

— தம்பி.

— சொல்லுங்கண்ணே.

— அந்த டேப்பை எங்க சுத்தினே?

— சென்சார்லதான்ணே. மரை மேல. ஒழுகுச்சுல்ல, அதான் நல்லா கனமா, ஒரு ரோலு.

— ரோலா.

— அதுக்கப்புறம் ஒரு சொட்டு வரலையேண்ணே.

— ஆயிலு வராது. கரண்டும் வராது. அந்த சென்சாருக்கு எர்த்தே அதோட மரைதான்டா. இரும்போட இரும்பு உரசினாத்தான் அதுக்கு உயிரு. நீ போர்வையைப் போர்த்தி விட்டிருக்கே. எஞ்சின் குலுங்கும்போது எங்கேயோ ஒரு ஓரத்துல ஒட்டும், எழுந்திருக்கும். விலகும், படுத்துக்கும். நான் இதைத்தான் அடுத்து பார்க்கலாம்னு இருந்தேன்.

— இருந்தீங்க, இருந்தீங்க. புதுசு வாங்கிட்டு வான்னு சொல்லிட்டு இருந்தீங்க.

— அந்தப் பெரிய ஸ்பேனரை எடு தம்பி. அதில்ல, பெரிசு. கந்தல் துணி குடு. சூடா இருக்கு, தள்ளிக்கோ.

— வருதாண்ணே?

— வருது. இந்தா, பாரு உன் கைவேலையை. பட்டுப்புழுக் கூடு மாதிரி இருக்கு. இதை நான் கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைக்கப் போறேன். வர்றவங்க போறவங்க பார்க்கட்டும்.

— அண்ணே, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

— அவர் சொல்லலைன்னா என்ன பைலட்டு, நான் இருக்கேனே.

— சுரண்டு. நகத்தால இல்ல, இந்த பிரஷ்ஷால. மரையெல்லாம் பளிச்சுனு தெரியணும். ம். இப்ப டேப்பு கீப்பு எதுவும் வேண்டாம், அப்படியே மாட்டி இறுக்கினா ஒழுகாது. நீ அன்னிக்கு இறுக்காம விட்டிருக்கே, அவ்வளவுதான் விஷயம். இறுக்க வேண்டியதை இறுக்காம, சுத்தக் கூடாததைச் சுத்தி, இவ்வளவு கூத்து. ஒயரை மாட்டு. ஸ்டார்ட் பண்ணு.

— இருங்க, ஜன்னல்.

— என்னக்கா ஒவ்வொரு தடவையும் ஜன்னல் ஜன்னல்னு. ம், ஸ்டார்ட் பண்றேன்ணே. எழுந்துடுச்சு.

— பேசாம பாரு.

— நிக்குது.

— ஹெட்லைட்டைப் போடு. கொஞ்சம் மிதி. விடு. பார்த்தியா, மிதிச்சா ஏறுது, விட்டா இறங்குது. இப்பதான் அது ஆயிலைப் பார்க்குது.

— நிக்குதுண்ணே. சாயவே இல்லை. அடியிலயும் ஒழுகலை. அக்கா, ஜன்னலைத் திறங்க, வந்து பாருங்க. என்னென்ன பேசினீங்க. ஆறு மீட்டர், ஆறு முள்ளும் நிக்குது. நீங்கதான் சாட்சி, ஞாபகம் இருக்கட்டும்.

— பார்த்தேன், பார்த்தேன். எஞ்சினை அணைச்சுட்டுப் பேசு.

— அணைக்கிறதாவது. நேரா ஆஸ்பத்திரிதான். இந்நேரம் பையைக் கட்டி வச்சுட்டு உட்கார்ந்திருப்பா. வாசல்ல கொண்டுபோய் நிறுத்தி, ‘ஏறும்மா, எல்லா முள்ளும் நிக்குது’ன்னு சொல்லும்போது அவ முகத்தைப் பார்க்கணும்க்கா. வண்டியை விக்கணுமாம், வண்டியை. அண்ணே, பெட்டியை ஓரமா எடுத்துக்கோங்க. சந்துல எவனாவது நின்னா ஒதுங்கட்டும், ஹாரன் அடிச்சுக்கிட்டே எடுக்கிறேன்.

— ஹாரனைத் தொட்டே, கையை உடைச்சுடுவேன்.

— ஏன்க்கா?

— இப்பதான் கண்ணை மூடுச்சு. வந்ததுலேர்ந்து தோள்ல போட்டுத் தட்டித் தட்டி, இப்பதான்.

— யாரு வீட்டுக் குழந்தை?

— மூக்கைப் பார்த்தா உன் வீட்டுது மாதிரிதான் இருக்கு.

— என்னக்கா சொல்றீங்க? அவ ஆஸ்பத்திரிலல்ல இருக்கா? சாயங்காலம்தானே விடுறேன்னாங்க.

— டாக்டர் சீக்கிரமே வந்து பார்த்துட்டு விட்டுட்டாரு. உனக்குத்தான் அடிச்சு அடிச்சுப் பார்த்திருக்கா. லோன் வேணுமான்னு. கடைசில நர்ஸ் டாக்ஸி பிடிச்சு ஏத்தி விட்டிருக்கு. உன் கேட்டை உன் வண்டியே அடைச்சுட்டு நின்னுச்சு, இங்க வந்துட்டா. உள்ள என் கட்டில்ல படுத்திருக்கா. ‘அவரா என்னைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டா சொல்லுங்கக்கா, இல்லைன்னா முள்ளு நிக்கிற வரைக்கும் விடுங்க’ன்னா. நானும் எத்தனை தடவை வாயைப் பிடுங்கிப் பார்த்தேன்.

— நான் இங்கயேதானேக்கா இருக்கேன். காலையிலேர்ந்து இந்த இடத்தை விட்டு நகரலையே. எந்தப் பக்கமா வந்தா? என்னைக் கூப்பிட்டிருக்கலாமே.

— டாக்ஸியை நீ சுத்திக்கிட்டுப் போகச் சொன்னதுல முனையிலயே இறங்கிட்டா. பையும் பிள்ளையுமா நடந்து வந்து, வண்டிக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்த உன் காலுகிட்ட நின்னு ‘என்னங்க’ன்னு கூப்பிட்டா. ‘ஒயரை மிதிச்சுடாதீங்கம்மா’ன்னே, மிதிக்காமத் தாண்டி வந்துட்டா.